மிரண்ட நாயை வண்டியில் ஏற்றும் முன்: வாசகர் கேள்வி பதில்

மீட்கப்பட்ட நாய்களைக் காப்பகத்திலிருந்து மருத்துவமனைக்கும் தத்தெடுத்தவர் வீட்டுக்கும் சொந்த வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் தன்னார்வலர்களின் கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: காப்பகத்தில் எல்லாரிடமும் வாலாட்டிய நாய், காரில் ஏற்றிய அரை மணி நேரத்தில் என் தங்கையின் கையைக் கடித்துவிட்டது. சாதுவான நாய் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மறைத்துவிட்டார்களா?

மறைத்திருக்க வேண்டும் என்பதில்லை. காப்பகத்தில் அது உண்மையிலேயே சாதுவாக இருந்திருக்கும். அங்கே பழகிய ஆட்கள், பழகிய வாசனை, ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலை எல்லாம் இருந்தன. வண்டியில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அன்று காலையிலிருந்து அந்த நாய் என்னென்ன பட்டது என்று யோசித்துப் பாருங்கள். யாரோ புது ஆள் கழுத்தில் பெல்ட் மாட்டினார், ஊசி போட்டார்கள், தூக்கி ஏற்றினார்கள், கதவு படாரென்று சாத்தியது, காலடியில் தரை ஆடுகிறது. தனித்தனியாக வந்தால் ஒவ்வொன்றையும் அது தாங்கிக்கொள்ளும். ஒன்றின் பதற்றம் அடங்கும் முன்பே அடுத்தது வந்து சேரும்போது, கடைசியாக வருவது எவ்வளவு சின்ன விஷயமானாலும் அதன் மேல்தான் பாயும். பெரும்பாலும் அந்தக் கடைசி விஷயம், ஆறுதலாகத் தடவிக்கொடுக்க நீளும் கை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நாய்க்கும் பொருந்தும்.

கடிக்கும் முன் நாய் சொல்லத்தான் செய்கிறது. சாப்பாடு எதுவும் இல்லாதபோதே நாக்கால் மூக்கை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டும், அப்போது விழியோரத்தில் வெள்ளை பிறைபோல் தெரியும். காது பின்னால் ஒட்டிக்கொள்ளும், வால் வயிற்றுக்கடியில் போகும், பிடித்தமான தீனியைக்கூட முகர்ந்து பார்க்காது. இவற்றையெல்லாம்விடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென வாயை மூடி, உடம்பு விறைத்து, அசையாமல் இருந்தால் அது அமைதியாகிவிட்டது என்று நினைத்துப் பலர் கையை நீட்டுகிறார்கள். அடுத்த நொடி கடி விழுகிறது. நாய் உறைந்து நின்றால் நீங்களும் நில்லுங்கள். பார்வையை விலக்கி, மெல்லப் பின்வாங்குங்கள்.

உறுமும் நாயை அதட்டவே கூடாது. உறுமல், அது உங்களுக்குத் தரும் கடைசி அவகாசம். அதட்டி அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

ஒன்றை மட்டும் காப்பகத்திடம் கறாராகக் கேட்டு வாங்குங்கள்: இந்த நாய் முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா, எந்தச் சூழ்நிலையில், எங்கே தொட்டால் பிடிக்காது, கடைசியாக என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, ரேபிஸ் ஊசி எப்போது போடப்பட்டது. இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தை மூன்றாவது ஆளிடம் போவதற்குள் பாதி காணாமல் போய்விடும்.

கேள்வி: வண்டிக்குள் ஏறவே மறுக்கும் நாயை எப்படி ஏற்றுவது? இழுத்தால் படுத்துக்கொள்கிறது, தூக்கப்போனால் பல்லைக் காட்டுகிறது.

கழுத்தைப் பிடித்து முன்னால் இழுத்தால் நாய் பின்னால்தான் போகும். எதிர்த்து நிற்பது அதன் உடம்பின் இயல்பு. தூக்கப்போனால் உங்கள் முகம் அதன் வாய்க்கு நேராக வந்துவிடும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சிறந்த வழி, நாயை வண்டியில் ஏற்றாமல், அது ஏற்கெனவே நுழைந்துவிட்ட கூண்டை வண்டியில் ஏற்றுவது. கூண்டைக் காப்பகத்தின் கதவடைத்த அறைக்குக் கொண்டுபோங்கள். அதன் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, வாசல் கதவைத் திறந்து சுருட்டிய துணியால் முட்டுக் கொடுங்கள். கதவு ஆடி நாயின் மேல் பட்டால் அன்றைக்கு அந்தக் கூண்டுக்குள் அது போகாது. நாய் படுத்திருந்த பழைய துணியை உள்ளே விரியுங்கள். வாசலிலிருந்து உள்மூலை வரை வேகவைத்த இறைச்சித் துண்டுகளைப் போட்டுவிட்டு, இரண்டு ஆளும் பக்கவாட்டில் தள்ளி உட்காருங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரமாக ஐந்து நிமிடத்தில் திணித்துவிட்டால், மீதிப் பயணம் முழுக்க அந்தப் பதற்றத்தோடுதான் ஓட்ட வேண்டியிருக்கும்.

சில நாய்கள் இருட்டுப் பொந்தைப் பார்த்தே பின்வாங்கும். அவற்றுக்கு முகம் உங்கள் பக்கமும் பின்புறம் கூண்டின் பக்கமும் இருக்கும்படி நிறுத்துங்கள். ஒருவர் லீஷை (பிடிகயிற்றை) மட்டும் தளர்வாகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அட்டைப் பலகையை முன்னால் பிடித்து மெல்ல நகர்ந்தால், அதுவே பின்வாங்கி உள்ளே போய்விடும். பலகை நாயை இடிக்கக் கூடாது. அது உங்களுக்கும் நாய்க்கும் நடுவே ஒரு சுவர், அவ்வளவுதான்.

நாயோடு சேர்த்துக் கூண்டின் எடை 20 கிலோவைத் தாண்டினால் இரண்டு பேர் தூக்க வேண்டும். உள்ளே நாய் ஒரு பக்கம் சாயும்போது கூண்டு எதிர்பாராமல் ஒருக்களிக்கும், முதுகு பிடிப்பது அந்த நொடியில்தான். கைப்பிடி மேலே மட்டும் இருக்கும் பிளாஸ்டிக் கூண்டை அந்தக் கைப்பிடியை நம்பித் தூக்காதீர்கள். அடியில் கை கொடுங்கள், ஆனால் விரல்கள் கம்பி இடைவெளிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலையானாலும் கூண்டுக்குள் உங்கள் கை போகக் கூடாது. அந்தத் தேவையே வராதபடி முன்கூட்டி ஏற்பாடு செய்துவிட்டால் இந்தப் பக்கத்தில் வரும் கேள்விகளில் பாதி எழாது. உதாரணமாக, போய்ச் சேர்ந்ததும் லீஷ் மாட்டுவதற்காக டிக்கிக்குள் குனிந்து காலரைத் தேடுகிறார்கள். அப்போது முகத்துக்கும் நாயின் வாய்க்கும் ஒரு சாண்தான் தூரம். இதைத் தவிர்க்க, ஹார்னஸின் (நாயின் மார்பையும் தோளையும் சுற்றி மாட்டும் பட்டையின்) முதுகு வளையத்தில் ஒரு முழத்துக்கும் குறைவான கயிற்றை, நுனியில் கைப்பிடி வளையம் இல்லாமல் வெட்டி, முன்னமே மாட்டிவிடுங்கள். வளையம் இருந்தால் கம்பியில் சிக்கும். இறங்கும் இடத்தில் அந்தக் கயிற்று நுனியை வெளியே இழுத்து அதில் லீஷைக் கோத்துக்கொள்ளலாம். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு லீஷைக் கூண்டுக்குள் கழுத்தோடு விட்டுவிடாதீர்கள். எங்காவது மாட்டினால் நாய் மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

கேள்வி: கூண்டு வைக்க இடமில்லாத சிறிய கார் என்னுடையது. பின் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். 20 கிலோ நாய், வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், அதே வேகத்தில் முன்னால் பறக்கும். அரை மீட்டர் தூரத்துக்குள் அதன் உடம்பு நிற்பதாக வைத்துக்கொண்டால் அதைத் தடுக்கும் ஆளின் மேல் விழும் விசை ஏறத்தாழ 390 கிலோ எடைக்குச் சமம். எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. மோதலே இல்லாவிட்டாலும் மடியில் இருக்கும் மிரண்ட நாய்க்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் முகம்.

சிறிய காரானால் சிறிய நாய்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெரிய நாய் வந்தால் வேறு வண்டிக்காரரிடம் விட்டுவிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் கூண்டில் இடம் வேண்டும், அதற்குமேல் வேண்டாம். ரொம்பப் பெரிய கூண்டில் பிரேக் போடும்போதெல்லாம் நாய் உருண்டு இடித்துக்கொள்ளும். கூண்டை வண்டியின் தரையிலுள்ள இரும்பு வளையங்களில் பட்டைபோட்டு இறுக்குங்கள். நான்கு மூலையிலும் கை வைத்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்குமேல் நகரக் கூடாது. சீட் பெல்ட்டைக் கைப்பிடிக்குள் விட்டு மாட்டுவது போதாது, மோதினால் முதலில் கழன்று வருவது அந்தக் கைப்பிடிதான். முன் சீட்டில் ஏர்பேக் விரியும் இடத்தில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

மடக்கும் கம்பிக் கூண்டு என்றால் மேல் மூலைகளைப் பாருங்கள். பயந்த நாய் மூக்கால் நெம்பித் திறப்பது அங்கேதான். மூலைக்கு ஒன்றாகக் கொக்கி வளையம் மாட்டுங்கள். பிளாஸ்டிக் டை போட்டு இறுக்குபவர்கள் அதை வெட்டும் கத்தரியை டேஷ்போர்டில் வைத்திருங்கள். விபத்து நடந்த பிறகு கூண்டைத் திறக்க முடியாமல் நிற்கக் கூடாது.

மெல்லிய துணியால் மூன்று பக்கம் மூடினால் பெரும்பாலான நாய்கள் அடங்கும். காற்று வரும் பக்கத்தைத் திறந்து விடுங்கள்.

கேள்வி: கதவைத் திறந்த கண நேரத்தில் நாய் காலரை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. காலர் இறுக்கமாகத்தான் இருந்தது. எப்படி உருவியது?

பின்னால் போய் உருவியிருக்கும். மிரண்ட நாய் தலையைத் தாழ்த்தி, காதை ஒட்டவைத்து, உடம்பைக் கூனிப் பின்னால் இழுத்தால் கழுத்தைவிடத் தலை குறுகலான நாய்களுக்கு எந்தக் காலரும் கழன்றுவிடும். சாதாரண ஹார்னஸும் அப்படியே, முன்காலை மடக்கித் தோளைச் சுருக்கினால் போதும். அதனால் ஒரே பிடியை நம்பக் கூடாது, இரண்டு வேண்டும். ஒன்று, இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் காலர். இறுகிய நிலையிலும் அதன் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்டால் அதற்குமேல் இறுகாது, தலை வெளியே வந்துவிடும். இரண்டாவது, விலா எலும்புக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் மூன்றாவது பட்டை உள்ள ஹார்னஸ். ஒவ்வொன்றுக்கும் தனி லீஷ். முடிந்தால் இரண்டு லீஷும் இரண்டு ஆள் கையில். நீள நீளமாக விரியும் ரீல் லீஷ் இந்த வேலைக்கு உதவாது, கை நழுவினால் பிளாஸ்டிக் பிடி தரையில் சடசடவென்று துரத்தி வரும், நாய் இன்னும் வேகமாக ஓடும்.

லீஷை விரல்களைச் சுற்றிக்கொள்ளாதீர்கள். 25 கிலோ நாய் ஒரே பாய்ச்சலில் விரலை முறித்துவிடும். கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, அதன்மேல் உள்ளங்கையை மூடிப் பிடியுங்கள், மறுகை ஒன்றரை அடி கீழே.

கதவு திறப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சைல்டு லாக்கும் கண்ணாடி லாக்கும் கிளம்பும் முன்பே போட்டிருக்க வேண்டும். நிறுத்தியதும் இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எல்லாக் கண்ணாடியும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, திறக்கப்போகும் கதவு எது, முதலில் யார் கை கொடுப்பார் என்று இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். டிக்கியில் கூண்டு இருந்தால் ஒருவர் லீஷுக்கும் இன்னொருவர் டிக்கிக் கதவுக்கும். கூண்டுக் கதவை ஒரு கை நுழையும் அளவுக்குமேல் திறக்காமல் முழங்காலால் அணைத்துக்கொண்டு, வெளியே இழுத்த கயிற்றில் இரண்டு லீஷும் மாட்டிச் சுண்டிப் பார்த்த பிறகே முழுக்கத் திறக்க வேண்டும்.

நாயை ஒப்படைக்கும்போது, வாங்குபவரின் லீஷ் மாட்டிய பிறகே கொடுப்பவரின் லீஷைக் கழற்ற வேண்டும். நடுரோட்டிலோ திறந்த வாசலிலோ கைமாற்றாதீர்கள். கூண்டோடு உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு மாற்றுங்கள். தத்தெடுப்பவர் ஆசையோடு வாசலிலேயே மண்டியிட்டுக் கட்டிக்கொள்ள வருவார், பிள்ளைகளும் ஓடிவருவார்கள். போன் செய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: யாரும் வெளியே வர வேண்டாம், ஒரு பெரியவர் மட்டும் கதவைத் திறந்தால் போதும்.

கேள்வி: அப்படியும் ஓடிவிட்டால்?

துரத்தாதீர்கள். துரத்தினால் நாய் சாலையைப் பார்க்காமல் ஓடும், நீங்களும் வண்டிகளைப் பார்க்காமல் ஓடுவீர்கள். பெயர் சொல்லிக் கத்துவதும் பயன்தராது. அது அன்றைக்குத்தான் கேட்ட பெயராக இருக்கலாம். நாய் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பக்கவாட்டில் திரும்பி, தரையில் உட்கார்ந்து, தீனிப் பொட்டலத்தைச் சலசலக்க வையுங்கள். போய்விட்டது என்றால் ஓடிய இடத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். கூண்டைத் திறந்து அங்கேயே வைத்து, அது படுத்த துணியையும் வாசமுள்ள தீனியையும் உள்ளே போடுங்கள். பல நாய்கள் ஆள் சந்தடி அடங்கியதும் தப்பித்த இடத்துக்கே திரும்பி வருகின்றன. இன்னொருவர் காப்பகத்துக்கும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கும் தகவல் சொல்ல வேண்டும். யார் பார்த்தாலும் பிடிக்கப்போக வேண்டாம், எங்கே பார்த்தோம் என்று மட்டும் சொன்னால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் இருவருக்கும் நிம்மதிதானே?

மருத்துவர் அந்த நாயைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும். அசிப்ரோமசின் போன்ற சில மருந்துகள் உடம்பைத் தளர்த்துமே தவிர பயத்தைக் குறைக்காது. நாய் அசையாமல் கிடக்கும், உள்ளே பதற்றம் அப்படியே இருக்கும், சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். ரத்த அழுத்தம் இறங்கும், உடல்சூட்டைச் சமாளிக்கும் திறனும் குறையும். பயத்தையே குறைக்கும் டிராசொடோன், கேபபென்டின் போன்றவற்றைப் பயணத்துக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், முந்தைய நாட்களில் ஒருமுறை காப்பகத்திலேயே கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். சில நாய்கள் மருந்துக்கு நேர்மாறாக அமளி செய்யும், அதை ஓடும் வண்டியில் தெரிந்துகொள்ளக் கூடாது. மனிதருக்கான மாத்திரை எதையும் தொடாதீர்கள்.

வாந்தி வராமல் இருக்கக் கடைசிச் சாப்பாடு கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்பாவது முடிந்திருக்கட்டும். தண்ணீரை நிறுத்த வேண்டாம். குட்டிகளை இவ்வளவு நேரம் பட்டினி போடாதீர்கள்.

கேள்வி: மஸில் (வாய்மூடி) மாட்டியே கொண்டுபோனால் என்ன?

ஏற்றும்போதும் இறக்கும்போதும் மாட்டலாம், பழக்கப்பட்ட நாயாக இருந்தால். கூடை வடிவ மஸில் மட்டுமே வேண்டும். அதற்குள் நாய் வாயைத் திறந்து இரைக்க முடியும், தண்ணீர் குடிக்க முடியும். வாயை இறுக்கி மூடும் துணி மஸில் சில நிமிட மருத்துவப் பரிசோதனைக்கானது. இரைக்க முடியாத நாய்க்குச் சூட்டை வெளியேற்ற வழியில்லை, வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். கூண்டு வாசலிலேயே எந்த மஸிலானாலும் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாத அளவுக்கு நாய் சீறுகிறது என்றால், அந்த நாயை அன்று தன்னார்வலர் கொண்டுபோகக் கூடாது. பயிற்சி பெற்ற ஆட்களுக்கு விட வேண்டியது அது.

கேள்வி: தனியாக ஓட்டிக்கொண்டு போகும்போது பின்னால் நாய் கூண்டை உடைத்து வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது?

தனியாகப் போகாதீர்கள் என்பதுதான் முதல் பதில். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் நாயைக் கவனிக்கட்டும். அந்த இரண்டாவது ஆள் கூண்டைப் பார்க்கும்படி உட்கார வேண்டும், போனில் பேசிக்கொண்டு அல்ல. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே கம்பித் தடுப்பு இருந்தால் கூண்டு உடைந்தாலும் நாய் உங்களிடம் வராது.

வெளியே வந்துவிட்டால் சடாரென்று பிரேக் போடாதீர்கள், திரும்பிக் கையை நீட்டாதீர்கள், கத்தாதீர்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, மெல்ல வேகத்தைக் குறைத்து, போக்குவரத்திலிருந்து விலகிய இடத்தில் நிறுத்துங்கள். கதவைத் திறக்க வேண்டாம். பின்பக்கக் கண்ணாடிகளை மூடியே வைத்து, ஏசி ஓடிக்கொண்டிருக்கட்டும். சில நாய்கள் வண்டி நின்றதும் சீட்டுக்குக் கீழே புகுந்துகொள்ளும், அதை இழுக்கப்போகாதீர்கள். உதவிக்கு ஆளை வரவழையுங்கள். நாய் உங்களைக் குறிவைத்து விறைக்கிறது என்றால் மட்டும், அது ஓட்டுநர் கதவுக்கு அருகில் இல்லாத சமயம் பார்த்து, உடம்பு நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து வெளியே வந்து சாத்திவிடுங்கள். நீங்கள் வெளியே, நாய் உள்ளே என்றால் நிலைமை கையில் இருக்கிறது என்று அர்த்தம், ஏசி ஓடும்வரை.

களைப்பும் ஓர் ஆபத்துதான். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நிறுத்துங்கள். அந்த ஓய்வு ஓட்டுநருக்கு. மிரண்ட நாயைப் பெட்ரோல் பங்கில் இறக்கி நடத்திக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. உறிஞ்சும் விரிப்பு உள்ளே இருக்கட்டும், அங்கேயே போகட்டும்.

கேள்வி: தேநீர் குடிக்க நிறுத்தும்போது நாயை வண்டியிலேயே விடலாமா? கண்ணாடியை இறக்கி வைக்கிறோம்.

ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த வெயில் நாளில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறியதை அளந்திருக்கிறார்கள். அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே நடந்துவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் குறிப்பிடும்படி மாற்றமில்லை. பயந்த நாய் ஏற்கெனவே இரைத்து இரைத்துச் சூடாகியிருக்கும். ஏசி காற்று முன் சீட்டில் குளிர்ந்தாலும் டிக்கியில் போர்த்திய கூண்டுக்குள் போகாமல் இருக்கலாம். அதனால் கூண்டின் மேலேயே ஒரு சிறு வெப்பமானியைக் கட்டுங்கள்.

நாயின் இயல்பான உடல்சூடு 38 முதல் 39.2 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஈறு செக்கச்செவேலென்று சிவப்பது, எச்சில் கெட்டியாகக் கயிறுபோல் வழிவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது எல்லாம் அறிகுறிகள். உடனே நிழலில் நிறுத்திக் குளிர்ந்த தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, காற்று படவிட்டு, அப்படியே மருத்துவரிடம் ஓட்டுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். மூக்கு சப்பையான நாய்களை வெயில் ஏறிய நேரத்தில் ஏற்றவே வேண்டாம்.

கேள்வி: லேசாகப் பல் பட்டது, ரத்தம் வரவில்லை. நாய்க்கு ஊசி போட்டிருப்பதாகக் காப்பகம் சொல்கிறது. டாக்டரிடம் போக வேண்டுமா? போவதற்குள் என்ன செய்வது?

போக வேண்டும். முதலில் வண்டியை ஓரம் கட்டி, பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் 2 நிமிடத்திலேயே கை தானாக நின்றுவிடும். அதனால் வண்டியில் 5 லிட்டர் தண்ணீர் கேனும் சோப்பும் எப்போதும் இருக்க வேண்டும், அது குடிப்பதற்கானது அல்ல. பிறகு போவிடோன் அயோடின் கிருமிநாசினி போடுங்கள். மஞ்சள், எண்ணெய், மிளகாய் எதையும் வைக்காதீர்கள். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

மருத்துவர்கள் இதை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள். கீறலில்லாத தோலை நாய் நக்கினால், கழுவினால் போதும். ரத்தம் வராத சின்னச் சிராய்ப்பு, துணி மூடாத தோலை லேசாகக் கவ்வியது என்றால் ரேபிஸ் தடுப்பூசி. பல் தோலைக் கிழித்து இறங்கியது, புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது என்றால் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் சுற்றிலும் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப்பொருள் ஊசி). உங்களுடையது இரண்டாவது வகை. ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அதற்கு முன்பு ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமல் தடுக்கலாம்.

நாய்க்கு ஊசி போட்டதாகச் சொல்கிறார்கள் என்றால், தேதியும் மருந்தின் விவரமும் உள்ள அட்டையைக் கேளுங்கள். தெருவிலிருந்து சில நாள் முன்பு மீட்கப்பட்ட நாய்க்கு நேற்றுப் போட்ட ஊசி, ஏற்கெனவே உடம்பில் நுழைந்திருக்கும் கிருமியைத் தடுக்காது. கடித்த நாய் 10 நாள் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியை அன்றே ஆரம்பித்துவிட்டு, நாயைக் கவனித்து வாருங்கள். அதனால் அந்த நாய் எங்கே போனது என்ற தகவல் உங்கள் கையில் இருக்க வேண்டும். கடியை மறைத்துவிட்டு, நாயைத் தத்தெடுத்தவரிடம் சத்தமில்லாமல் ஒப்படைத்தால் அது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம்.

கையிலும் விரல் மூட்டிலும் பட்ட கடியைச் சின்னதாக நினைக்காதீர்கள். வெளியே ஊசிமுனை அளவு ஓட்டை, உள்ளே பல் தசைநார் வரை போயிருக்கும். ஒரு நாளுக்குள்ளேயே சிவந்து வீங்கித் தெறிக்கலாம். மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாய்வாயில் சாதாரணமாக இருக்கும் சில கிருமிகள் அவர்கள் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த வேலையைத் தொடர்ந்து செய்பவர்கள் கடிபடும் முன்பே ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் பரிந்துரைப்பது முதல் ஊசியும் ஏழு நாள் கழித்து இன்னொன்றுமாக இரண்டே தவணை. அதன் பிறகு கடிபட்டாலும் ஊசி உண்டு, ஆனால் தவணை குறைவு, இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

குரல் மாறிய, தாடை தொங்கிய, தண்ணீரை விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகவிடும், தள்ளாடும் நாய்க்கு ரேபிஸ் இருக்கலாம், அதை நீங்கள் ஏற்றவே கூடாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாயைத் திறந்து பார்க்காதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு அதிகாரிகளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஒன்றாகவே வளர்ந்த இரண்டு நாய்களை ஒரே கூண்டில் போடலாமா?

பால் குடிக்கும் குட்டிகளையும் தாயையும் தவிர, கூடாது. பயம் வந்தால் எதிரே கிடைத்ததைக் கடிக்கும், பக்கத்தில் இருப்பது தோழனாக இருந்தாலும். ஓடும் வண்டியில் சண்டையை விலக்கக் கை விடுபவர்தான் மோசமாகக் கடிபடுகிறார். தனித்தனிக் கூண்டு, நடுவே ஒரு அட்டை அல்லது துணி, ஒன்றையொன்று பார்க்காதபடி.

கேள்வி: அடிபட்டுக் கிடக்கும் நாயைத் தூக்கி வண்டியில் போடுவது எப்படி?

வலியில் இருக்கும் நாய் சொந்தக்காரரையே கடிக்கும். நல்லது செய்ய வந்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்: பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி உங்கள் வண்டியை நிறுத்தி எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். தலைப்பக்கமாகப் போகாமல் முதுகுப்பக்கமாக அணுகுங்கள். கனமான போர்வையைத் தலையும் கழுத்தும் மூடும்படி லேசாகப் போட்டால் பாதி நாய்கள் அடங்கும். மூச்சு சரியாக இருந்து, வாந்தியும் இல்லை, மண்டையில் அடியும் இல்லை என்றால் மட்டும் பேண்டேஜ் துணியால் வாயைச் சுற்றிக் கட்டலாம்: மூக்கின் மேல் ஒரு முடிச்சு, தாடைக்கடியில் ஒன்று, காதுக்குப் பின்னால் இழுத்தால் சட்டென அவிழும் முடிச்சு. பலகையையோ விரித்த போர்வையையோ முதுகோடு ஒட்டி வைத்து, தோளையும் இடுப்பையும் ஒரே சமயத்தில் பிடித்து அதன்மேல் இழுத்துக்கொள்ளுங்கள். உடைந்த காலுக்கு நீங்கள் கட்டுப்போட வேண்டாம், அந்த இடத்தைத் தொடுவதே கடியை வரவழைக்கும். தடித்த தோல் கையுறை பல் இறங்குவதைக் குறைக்கும், தாடை நசுக்குவதைத் தடுக்காது. அதை நம்பி வாய்க்கருகில் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: இறக்கிவிட்ட பிறகு வண்டியை டெட்டால் போட்டுத் துடைத்தால் போதுமா?

போதாது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி சாதாரணக் கிருமிநாசினிகளுக்கும் கை சானிடைசருக்கும் சாகாது, மாதக்கணக்கில் விரிப்பிலும் கூண்டு இடுக்கிலும் உயிரோடு இருக்கும். அடுத்த பயணத்தில் வரும் குட்டிக்கு அது போய்ச் சேரும். வீட்டுக்கு வாங்கும் ப்ளீச் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து, கூண்டு 10 நிமிடம் ஈரமாக இருக்கும்படி ஊற்றி வைத்து, பிறகு அலச வேண்டும். அதற்கு முன் மலம், மூத்திரம், முடி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் கழுவியிருக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது, மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயுவும் கிளம்பும். வண்டிக்குள் கலக்காமல் கூண்டை வெளியே எடுத்துக் கழுவுங்கள். சீட் துணியில் ப்ளீச் ஊற்ற முடியாது என்பதால், ஏற்றும் முன்பே சீட்டின் மேல் ரெக்சின் விரிப்பு போட்டுவிடுவது நல்லது.

கழுவும்போது ரப்பர் கையுறையும் மூடிய செருப்பும் வேண்டும். நாயின் மூத்திரம் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி கைக்கீறலில் நுழையலாம். ஒரு வாரத்துக்குள் அல்லது அடுத்த சில வாரங்களில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், நாய் ஏற்றி வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்புகளில் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டு நாயைத் தொடும் முன் குளித்துவிடுங்கள்.